ரிடோட்டோவில் முகம் காட்டியவர்கள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து குசினி மேசையில் போட்டாள். பள்ளிக்கு நிதி சேர்க்க ஒரு மாலை விருந்து. எல்லோரும் முகமூடியோடு வரவேண்டும். விருந்தின் பெயர் ரிடோட்டோ. அது என்ன மொழி, என்ன கருத்து என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுக்கு அப்போது பத்து வயது. நாங்கள் ஒக்லாந்துக்கு வந்து நாலாவது வருடம்.

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புகளுக்கு வரலாறு படிப்பித்தவன். யாரும் என்னிடம் வரலாறு கேட்டு வருடக்கணக்காகியிருந்தது. அடுத்த நாளே நூலகத்துக்குப் போய், மழை விடும்வரை தடித்த புத்தகங்களைப் புரட்டினேன். உண்மையில் மழை விட்ட பிறகும் எழும்ப மனமில்லை.

அது இத்தாலியச் சொல். முதலில் ஒதுங்கியிருக்கும் ஒரு சின்ன அறையைக் குறித்தது. வெனிஸ் நகரத்துப் பிரபுக்கள் அப்படியான அறைகளில் கூடிச் சீட்டாடினார்கள். பிறகு அரசாங்கமே ஒரு பெரிய மாளிகையைத் திறந்துவிட்டு அதற்கும் அந்தப் பெயரையே வைத்தது. கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்திய கொண்டாட்ட நாட்களில் யாரும் அங்கே போகலாம், முகத்தை மூடியிருந்தால் சரி. அங்கிருந்து அந்தச் சொல் லண்டனுக்குப் போய், பாட்டும் நடனமுமாக முகமூடியோடு கூடும் விருந்துகளுக்குப் பெயராயிற்று. எனக்குப் பிடித்தது வேறொரு விஷயம். வெனிஸில் சீட்டுப் போட்டுக் கொடுத்தவர்கள் மட்டும் முகமூடி போடக்கூடாது. அவர்களும் பிரபுக்கள்தான். நொடித்துப்போனவர்கள். ஊரே முகத்தை மறைத்துக்கொண்டு வர, அவர்கள் மட்டும் வெறும் முகத்தோடு வேலைக்கு இருந்தார்கள்.

இதை மகளுக்குச் சொன்னபோது, "புவர் மென்," என்றாள். ஆசிரியையிடம் போய் இதையெல்லாம் சொல்லியிருக்கிறாள். விருந்து தொடங்கும்போது மேடையில் நீயே ஐந்து நிமிடம் பேசு என்றார்களாம். நாங்கள் இருவரும் எழுதித் திருத்தி மூன்று தரம் ஒத்திகை பார்த்தோம். அவளுக்கு மிகவும் பிடித்த இடம் அந்த நொடித்த பிரபுக்கள்தான். அங்கே வந்ததும் குரலைத் தாழ்த்துவாள். முகமூடியையும் நானே செய்துகொடுத்தேன். கோர்ன்ஃபிளேக்ஸ் பெட்டி அட்டை, பச்சை வர்ணம், இடது கன்னத்தில் பசை கொஞ்சம் வழிந்து காய்ந்திருந்தது.

இனி என்னுடைய பொய்யைச் சொல்லவேண்டும். இங்கே ஆசிரியராகப் பதிவு செய்ய நான் போட்ட விண்ணப்பம் இரண்டு தரம் திரும்பி வந்தது. கிளென் ஈடனில் ஒரு கேட்டரிங் சமையலறையில் வேலை எடுத்தேன். விருந்துகளுக்குப் போய்ப் பரிமாறுவதும் கோப்பை கழுவுவதும்தான் வேலை. மகளைப் பள்ளியில் சேர்த்த அன்று, தகப்பனின் தொழில் என்ன என்று கேட்டார்கள். வெட்கம்கெட்ட வாய், கல்லூரி விரிவுரையாளர் என்று சொல்லிவிட்டது. மகள் பக்கத்தில் நின்றாள். அன்றிலிருந்து டை கட்டி, தோல்பையைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு இறங்குவேன். வேலையிடத்துக் கழிவறையில் டையைக் கழற்றிவிட்டு ஏப்ரனைக் கட்டுவேன். பைக்குள் இருந்தது மத்தியானச் சாப்பாடு.

மனைவிக்கு எல்லாம் தெரியும். "இஞ்சருங்கோ, பிள்ளையிட்ட உண்மையைச் சொல்லிப்போடுங்கோ," என்பாள். "அவள் வேற ஆராலும் அறிஞ்சால் என்னெண்டு முகத்தைப் பாப்பியள்?"

"சொல்லுவம், சொல்லுவம்," என்பேன்.

விருந்துக்கு வரச் சொல்லி மகள் கேட்டாள். அந்த வெள்ளி மாலை எனக்கு வேலை இருந்தது. வகுப்பு இருக்கிறது என்றேன். எப்போதும் வகுப்புத்தான் என்று முணுமுணுத்துக்கொண்டு போனாள். தாய்க்கும் முதியோர் இல்லத்தில் வேலை. சிநேகிதியின் குடும்பத்தோடு அவளை அனுப்ப ஏற்பாடு செய்தோம்.

எங்கள் கேட்டரிங் சமையலறையின் வேலைப் பலகையில் மண்டபத்தின் முகவரியும் ஆட்தொகையும்தான் எழுதுவார்கள், யாருடைய விருந்து என்று எழுதமாட்டார்கள். அந்த வெள்ளிக்கு ஹில்ஸ்பரோவில் ஒரு மண்டபம் என்று இருந்தது. எங்கள் வீட்டுப் பக்கம்தான், ஆனால் பள்ளி மண்டபம் அல்ல. நிம்மதியாகப் போனேன். பள்ளி மண்டபத்துக் கூரை மழைக்கு ஒழுகி, விருந்தை இங்கே மாற்றியிருந்தார்கள் என்பது வாசலில் கட்டியிருந்த துணியை வாசித்த பிறகுதான் தெரிந்தது.

முகமூடி மறந்து வருபவர்களுக்கென்று வாசலில் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்து முகத்தில் மாட்டினேன். மேற்பார்வைக்காரி சிரித்தாள். "அது விருந்தாளிகளுக்கு. பரிமாறுகிறவர் யார் என்று ஆட்களுக்குத் தெரியவேண்டாமா?" கோப்பை கழுவப் போகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். ஆள் போதாது என்று பழச்சாறுத் தட்டைக் கையில் தந்தாள்.

சுவரோடு ஒட்டி நின்றேன். எங்கே பார்த்தாலும் முகமூடிகள். தலைமை ஆசிரியை மேடையேறி, அடுத்துப் பேசப்போகும் மாணவிக்கு இந்த வரலாற்றைச் சொல்லிக்கொடுத்தவர் அவளுடைய தகப்பன், கல்லூரி விரிவுரையாளர், இன்று வகுப்பு இருப்பதால் வர முடியவில்லை என்றார். சனம் கைதட்டியது.

பச்சை முகமூடி மேடைக்கு வந்தது. ஒதுங்கிய அறை, மாளிகை, விபூதிப் புதன் எல்லாம் தெளிவாகச் சொன்னாள். வெனிஸில் எல்லோரும் முகத்தை மூடியிருந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே தலையைத் திருப்பியவள் என் பக்கம் பார்த்தாள். பேச்சு நின்றது. மறந்துவிட்டாள் என்று நினைத்து முன்வரிசையில் ஒரு ஆசிரியை அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தாள். மகள் தலையாட்டிவிட்டு, பேச்சில் லண்டன் பகுதிக்குப் போனாள். அந்தப் பிரபுக்களை அவள் சொல்லவேயில்லை.

பிறகு பிள்ளைகள் தட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களுக்குள் அவளும் வந்தாள். இடது கன்னத்தில் என் பசை. ஒரு குவளையை எடுத்து, "தேங்க் யூ," என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் வேலையில் பழகியபடி, "யூ ஆர் வெல்கம்," என்றேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். மகளே என்று ஒரு சொல் போதும்.

அடுத்த நாள் காலை அவள் பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுவது என்று இரவே முடிவெடுத்திருந்தேன். கதிரையை இழுத்து முன்னால் இருந்தேன். தாய் தேநீர்க் கோப்பையோடு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மகள்தான் முந்திக்கொண்டாள். நேற்று வகுப்பு எப்படி, மாணவர்கள் நிறைய வந்தார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். குரலில் ஒரு பிசகும் இல்லை.

"ஓம்," என்றேன். "நிறையப் பேர் வந்தவை."