ஊசியை நிறுத்திய நாள்

2007 மே மாதம். என் மகள் எஸ்தருக்கு இரண்டு மாதம். அவள் நனைத்த துணியில் எறும்பு மொய்த்தது. திருப்பூரில் எங்களைப் போன்றவர்களின் வீட்டில் பனியன் கம்பெனியில் வெட்டி மிஞ்சும் கட்டிங் வேஸ்ட்தான் பிள்ளைத் துணி. சாயத்தில் ஏதோ இருக்கிறது என்று நினைத்து வெந்நீரில் அலசினோம். "வேற கம்பெனி வேஸ்ட் வாங்கிட்டு வாங்க" என்றாள் என் மனைவி மேரி. அதிலும் எறும்பு.

ஒரு காலையில் பிள்ளைக்கு மூச்சு வாங்கியது, கண் சொருகியது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "சர்க்கரைங்க. எறும்பு வந்ததும் அதனாலதானுங்க" என்றார் டாக்டரம்மா. ஆயுள் முழுக்க ஊசி என்றார்.

எட்டாம் வகுப்போடு ஊரைவிட்டு ஓடியவன் நான். கொச்சி, பம்பாய் என்று பிளாட்பாரத்தில் படுத்திருக்கிறேன், பயந்ததில்லை. பிள்ளையின் தொடையில் ஊசி போடத்தான் பயந்தேன். மருந்து கூடினால் உயிருக்கே ஆபத்து. தூங்குகிறாளா, மயங்கிவிட்டாளா என்று தட்டி எழுப்புவோம். அவள் அழுதால்தான் எங்களுக்கு மூச்சு வரும்.

வீட்டுக்கார அம்மா சொன்னார்: "ஏனுங்க, உங்க சாமிகிட்ட நீங்க கேளுங்க. எங்க சாமிகிட்ட நான் கேக்கறேன். யாராச்சும் ஒருத்தர் ஊட்டுல இருப்பாங்க."

பிறகு டாக்டரம்மா கூப்பிட்டார். "மரபணுவுல இருக்கிற எழுத்தையெல்லாம் இப்பப் படிச்சுப் பார்க்க முடியுதுங்க. சில குழந்தைங்களுக்கு மாத்திரையே போதும்னு கண்டுபிடிச்சிருக்காங்க. ரத்தம் அனுப்பட்டுங்களா?"

அன்றிலிருந்து, நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், நிட்டிங் மெஷின் சத்தத்துக்குள் ஜெபித்தேன். "ஆண்டவரே, அந்தச் சில பேரில் என் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளும்."

மழைக்காலம் முடிந்தபின் பதில் வந்தது. ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. மாத்திரைக்குச் சர்க்கரை கேட்கலாம் என்றார்கள். கட்டாயம் கேட்கும் என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் வைத்து மாத்திரையைப் பொடித்துக் கொடுத்து, ஊசியைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தினார்கள். அன்று சர்க்கரை ஏறியது. "ஊசியே போடச் சொல்லுங்க" என்று மேரி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வராந்தாவில் முழங்கால் போட்டேன். "அப்பா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் இறங்கியது. அதற்கடுத்த நாள் இன்னும் இறங்கியது. ஊசி திரும்ப வரவேயில்லை.

படித்தவர்களுக்கு அறிவைக் கொடுத்து, அந்த அறிவை எங்கள் லைன் வீடு வரை கொண்டுவந்தவர் கர்த்தர். எங்கும் ஓராண்டு தங்காதவன், இந்த ஊரிலேயே நின்றுவிட்டேன். ஞாயிறு தவறாமல் இந்தச் சபைக்கு வருகிறேன்.

என் ஜெபத்தில் தைரியம் இல்லை. முழுக்க நடுக்கம்தான். அதையும் கேட்டார். பயந்து கிடக்கிறவர்களே, பயம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுங்கிக்கொண்டே அவரிடம் வாருங்கள்.