தூங்குகிற தட்டு

"யாரும் மூச்சு விடாதீங்கடா!" என்று அதட்டிவிட்டு, வாயிலிருக்கும் ரொட்டியை மெல்லாமல் நிறுத்தி, சோளக்களி கிண்டும் மரக்கரண்டியால் தட்டின் விளிம்பில் ஒரே ஒரு அடி. எங்கள் பட்டறையின் மூத்தவர் லெயோனில்டா கண்ணை மூடிக்கொள்வார். ஒலி அடங்கும்வரை நாங்கள் தும்மக்கூட முடியாது. பிறகு தீர்ப்பு வரும். "இது பாடுது" என்றால் முத்திரை. "இது குரைக்குது" என்றால் உலை.

பிஸ்தோயா ஊரில் இருக்கும் இந்தப் பட்டறைக்கு வயது நூறுக்கு மேல். பேண்டு வாத்தியத்துக்கு வெண்கலத் தாளத் தட்டுகள் செய்கிறோம். நான் பன்னிரண்டு வருடமாகக் கடைசல் இயந்திரத்தில் நிற்கிறேன். அவர் என்னைப் பாராட்டியது இரண்டு முறை. தாளம் செய்கிற குடும்பத்தில் பிறந்தும் யாருக்கும் ஜால்ரா போடாத மனுஷி. அறுபத்தெட்டு வயதிலும் பட்டறையின் முத்திரை உளியை இடுப்பில் முடிந்துவைத்திருக்கிறார்; அது யார் கையிலோ, தீர்ப்பும் அவருடையது. குளிக்கும்போதும் அது கூடவே போகும் என்று ஊரில் பேச்சு.

புதுத் தட்டு பதினைந்து நாள் கம்பியில் தொங்கிய பிறகுதான் சோதனை. "அவ்வளவு சம்மட்டியடி வாங்கியிருக்கு, தூங்கட்டும்" என்பார்.

லெயோனில்டாவின் தாத்தா அர்கான்தேயும் அவர் தம்பி செஃபீரோவும் ஒரு தட்டுக்காகப் பிரிந்தவர்கள். தம்பி செய்ததை அண்ணன் "குரைக்குது" என்றார். "உன் காதுதான் குரைக்குது" என்றார் தம்பி. அந்த வாரமே பட்டறைக்கு நடுவில் சுவர் எழுந்தது. நாற்பது வருடம் கழித்து மகன்கள் அதை இடித்தார்கள். தட்டு மட்டும் முத்திரையில்லாமல் பரணில் கிடந்தது. அதன் பேச்சை எடுத்தால் இன்றும் கல்யாண விருந்து பாதியில் நின்றுவிடும்.

செஃபீரோவின் பேரன் ஃபோஸ்கோவுக்கு அந்த உளிமேல் கண். "அக்காவுக்குக் காது மந்தமாயிடுச்சு" என்று ஊதிக்கொண்டே இருந்தவர், போன செவ்வாய்க்கிழமை பந்தயமே கட்டினார். பத்துத் தட்டில் ஒன்றுக்கு அக்காவின் தீர்ப்பு தப்பினாலும் உளி அவருக்கு. பத்தாவதாகப் பரண் தட்டைச் செருகினார். அதைத் துலக்கிக் கொடுத்த பாவி நான்தான். "பாடுது" என்றால் அக்கா தன் தாத்தாவையே பொய்யராக்க வேண்டும். "குரைக்குது" என்றால் ஃபோஸ்கோ வீட்டார் மறுபடி செங்கல் வாங்கப் போவார்கள்.

லெயோனில்டா ஒன்பதை மளமளவென்று பிரித்துவைத்தார். ஃபோஸ்கோவால் ஒன்றிலும் குறை சொல்ல முடியவில்லை. பத்தாவதை அடித்தார். ஒலி அடங்கிய பிறகும் கண் திறக்கவில்லை.

"என்னக்கா, பாடுதா, குரைக்குதா?"

தட்டின் அடிப்பக்கத்துச் சம்மட்டித் தழும்புகளைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். என்னை ஒரு முறை முறைத்தார்.

"தாத்தாமாருங்க ரெண்டு பேருமே அவசரப்பட்டுட்டாங்கடா ஃபோஸ்கோ. இது இன்னும் தூங்குது."

சாக்கட்டியால் அதில் அன்றைய தேதியை எழுதி, புதுத் தட்டுகளின் வரிசையில் கடைசியாகத் தொங்கவிட்டார். ஃபோஸ்கோ வாயைத் திறந்தார். லெயோனில்டா உதட்டில் விரலை வைத்து, "உஷ்!" என்றபடி கம்பிப் பக்கம் கண்ணைக் காட்டிவிட்டு, பாதியில் விட்ட ரொட்டியை மெல்லத் தொடங்கினார்.