செம்பனையில் ஏறாத ஓணான்

பத்தாங் காலி ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்துக்குப் பின்னால் காடு தொடங்கும். காட்டு முகப்பில், ஓடைக்கரைப் பெருமரத்தடியில் முனியாண்டி சாமி இருந்தார். அந்த மரத்தில் கொண்டை வைத்த பச்சை ஓணான் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஆள் வந்தால் ஓடாது. மெல்ல மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். கூப்பிடு தூரத்தில் ரப்பர் மரங்கள் இருந்தும் அங்கே அது எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அது சாமியின் காவல் என்று லயமே முடிவு கட்டியிருந்தது. காய்ச்சலில் போன என் தம்பியை அந்த மரத்தருகில்தான் புதைத்திருந்தார்கள்.

எண்பதுகளில் தோட்டத்தில் வேலை குறைந்தது. அப்பாவுக்குக் கோலசிலாங்கூரில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. அம்மா அசையவில்லை.

"புள்ளய விட்டுட்டு எப்படிங்க வர்றது?"

புது இடத்தில் சாமி வைக்கப் பிடிமண் எடுக்கப் போன அப்பா, ஓணானையும் பிடித்து ஓட்டை போட்ட பிஸ்கட் டின்னில் கொண்டு வந்தார்.

"அவனக் காவல் காத்ததே நம்ம கூட வருதுலா. கெளம்பு."

அம்மா லோரியில் ஏறினார். வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதை என்று லோரிக்காரர் சிரித்தார். அம்மா டின்னை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

புது இடம் கடலோரச் சமவெளி. ஓடை இல்லை, அடர்ந்த நிழலும் இல்லை. பிடிமண் போட்டுக் கல் நட்டபின், அப்பா ஓணானைப் பக்கத்துச் செம்பனையில் விட்டார். அது ஏறவில்லை. அடிமட்டையில் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தது. மறுநாள் காலையில் செத்துக் கிடந்தது. மலையோரத்து ஈரக் காட்டை விட்டால் அதற்குப் பிழைப்பில்லை என்பதை நான் வளர்ந்த பிறகுதான் படித்தேன். சாமியே வந்து தங்கும் இடத்தில் அதன் காவலுக்கு என்ன குறை வரும் என்றுதான் அதைக் கொண்டுவந்தபோது எல்லோரும் நம்பினோம். அப்பா அதைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனார்.

சில மாதம் கழித்து அம்மா தனியாகப் பஸ் ஏறிப் பழைய தோட்டத்துக்குப் போனார். பொழுது சாயும்போது திரும்பினார். சேலை ஓரமெல்லாம் செம்மண்.

"காட்ட அழிச்சிட்டாங்க. முனியாண்டி மரத்தடியக்கூட விடலங்க. புல்டோசர் வச்சு எல்லாத்தயும் தள்ளிட்டாங்க."

அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒரே கவலைதான்.

"அங்க இருந்த மத்த ஓணானெல்லாம் எங்கம்மா போகும்?"

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். ஓணான்கள்மேல் அம்மாவுக்கு இத்தனை பாசமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னேன்.

"அழாதீங்கம்மா. அதுங்க வேற மரம் பாத்துக்கும்."