வாடகை வீட்டில் ரோமாபுரி மீன்

சென்ற வியாழக்கிழமை எங்கள் வீட்டு நெருப்பு அலாரம் அலறியது. வீடு எரியவில்லை. எரிந்தது சாம்பிராணி.

பட்டப்பகலில் எதற்குச் சாம்பிராணி என்கிறீர்களா? எல்லாம் ரோமானியர்களால் வந்தது.

மகள் ஆரணிக்குப் பள்ளியில் பழைய ரோமாபுரி பற்றி ப்ரொஜெக்ட். மத்தியதரைக் கடலோரத்தில் அந்தக் காலத்துப் பணக்காரன் பெரிய மீனாக வாங்கிச் சாப்பிட்டான். ஏழைக்கு உப்பில் போட்ட பொடிமீன். ஆனால் இருவர் தட்டிலும் ‘காரும்’ என்றொரு சாறு இருந்ததாம். மீனையும் மீன் குடலையும் உப்பில் புதைத்து, வெயிலில் ஊறவைத்து வடிப்பது. இறைச்சிக்கும் ஊற்றினார்கள், முட்டைக்கும் ஊற்றினார்கள்... பழத்தைக்கூட விடவில்லை.

ஆரணி அதைச் செய்தே பார்த்தாள். பின்வளவில், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே, ஓர் ஊறுகாய்ப் போத்தலில். மீன் வாங்கிக் கொடுத்தது நான்தான். கருவாட்டுக் குழம்புக்கு வீட்டையே எழுதிக் கொடுக்கிற ஆள் நான். எழுதிக் கொடுக்கத்தான் சொந்த வீடு இல்லை.

வம்பே அங்குதான். வியாழன் நான்கு மணிக்கு, வீட்டை ஒழுங்காக வைத்திருக்கிறோமா என்று பார்க்க வாடகை ஏஜென்ட் வருகிறார். வாடகை ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் இந்தக் கிரான்பர்ன் புறநகரில் இன்னொரு வீட்டுக்கு எங்கே போவது? வாடகைக்கு ஒரு வீடு என்றால், அதைப் பார்க்கவே தெருமுனைவரை வரிசை நிற்கும்.

மூன்றரைக்குச் சமையலறையில் மனைவி வசந்தி மூக்கைப் பொத்தினாள். "இஞ்சேருங்கோ, குசினிக்குள்ளயும் நாறுது! அந்தப் போத்தலைத் தூக்கி எறியுங்கோ!"

"அப்பா, நோ! மண்டே சப்மிட் பண்ணணும்!" ஆரணி போத்தலைக் கட்டிப்பிடித்தாள். கண்ணில் தண்ணீர்.

நம்மவருக்கு நாற்றம் என்றால் ஒரே மருந்துதானே? கப் சாம்பிராணி ஐந்தை ஒன்றாகக் கொளுத்தினேன். அலாரம் அலறியது. கதிரையில் ஏறித் துவாயால் விசிறிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது.

ஏஜென்ட், இளம்பெண், புகைக்குள் நின்று இருமினாள். "எவ்ரிதிங் ஓகே?"

"ஓம்... யெஸ், யெஸ்!"

நேரே பின்வளவுக்குப் போனாள். ஆரணி என்ன செய்தாள் தெரியுமா? போத்தலைத் திறந்து, ஏஜென்டின் மூக்குக்கு நேரே நீட்டி, ரோமானியச் சமையல் முழுவதையும் ஒப்பித்தாள். ஏஜென்ட் இரண்டடி பின்வாங்கினாள். பிறகு போனை வெளியே எடுத்தாள். போச்சு, ஆதாரத்துக்குப் படம் எடுக்கிறாள் என்று நினைத்தேன்.

"ஸோ கூல்! என் ஃபிரெண்ட்ஸுக்கு அனுப்பலாமா?"

அடக் கடவுளே! கருவாடு பொரிப்பதென்றால் யன்னல்களை இறுக்கிச் சாத்திவிட்டு, அடுத்த வீட்டுக்காரர் வேலைக்குப் போகும்வரை காத்திருந்த மடையன் நான். இத்தனை வருஷமாக! நாங்கள் செய்தால் நாற்றம். ரோமானியன் செய்தால் வரலாறு. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

திங்கட்கிழமை ஏஜென்டின் ஈமெயில் வந்தது. ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷத்துக்கு. மீனைப் பற்றி மூச்சே இல்லை. கீழே ஒரேயொரு குறிப்பு: நெருப்பு அலாரம் மிக நன்றாக வேலை செய்கிறது.

நேற்றுக் கருவாடு பொரித்தோம், யன்னல்களையெல்லாம் திறந்து வைத்து. யாராவது கேட்டால்... மகளின் ப்ரொஜெக்ட்!