ஈரத்துணிக்குத் தெளித்த தண்ணீர்

சென்ற மாதம், சிறுசேரியில் வேலை பார்க்கும் என் மகள் தன் அலுவலகத் தோழிகள் ஐந்தாறு பேரை வீட்டுக்கு அழைத்திருந்தாள். அடுப்பே பற்றவைக்கவில்லை. கடையில் வாங்கிய மெல்லிய ரொட்டிகளில் எதையெதையோ தடவிச் சுருட்டி, துண்டு போட்டுத் தட்டில் அடுக்கினாள். மேலே ஓர் ஈரத்துணியை விரித்துவிட்டுக் குளிக்கப் போகிறபோது, "அப்பா, துணி காஞ்சா கொஞ்சம் தண்ணி தெளிச்சிடுங்க" என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். அவர்கள் வந்து சாப்பிட்டுப் போகும்வரை திரும்பவில்லை. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்று மகள் நினைத்துக்கொண்டாள். கூட்டம் எனக்கு ஒன்றும் செய்யாது. அவள் சொன்ன அதே சொற்களைப் பல வருடங்களுக்கு முன்பு என் அண்ணி என்னிடம் சொன்னார். அன்று நான் செய்ததை இதுவரை எழுதியதில்லை.

அண்ணன் இறந்தபின் பம்மல் வீட்டில் கீழே அண்ணியும் மேலே நாங்களும் இருந்தோம். அண்ணி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எங்கள் சபையில் வீட்டு ஜெபம், பிறந்தநாள், ஞானஸ்நானம் என்று எது நடந்தாலும் தின்பண்டம் அவர் பொறுப்பு. அவர் செய்வது ஒன்றே ஒன்றுதான். ரொட்டித் துண்டின் ஓரங்களை வெட்டிவிட்டு, பூரிக்கட்டையால் காகிதம்போல மெல்லிசாக உருட்டுவார். வெண்ணெய் தடவி, பச்சைக் கொத்துமல்லிச் சட்னியைப் பூசி, கேரட் துருவலை ஒரு கோடாக வைத்து, பாய் சுருட்டுவதுபோல இறுக்கிச் சுருட்டுவார். கொத்துமல்லியை நான்கு தண்ணீரில் அலசுவார். கடைசித் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். சுருள்களைப் பழைய வேட்டித் துணியில் வரிசையாக வைத்து, அதே கொதித்து ஆறிய தண்ணீரைத் தெளித்து மூடுவார். துணி காய்ந்தால் ரொட்டி வெடித்துவிடும். "இது சோம்பேறிப் பலகாரம், தம்பி. ஆனா துணிய மட்டும் சோம்பேறிகிட்ட குடுக்கக் கூடாது" என்று சிரிப்பார். சபைப் பிள்ளைகள் அதற்குச் சுருட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். "ஆயரு மூணு சுருட்டு இழுத்துட்டாருடா" என்று அவர் காதுபடவே சொல்வார்கள். "நாலு" என்று திருத்திவிட்டு ஆயர் இன்னொன்றை எடுப்பார்.

அது ஒரு மே மாதம். ஊரப்பாக்கத்தில் சபைக் குடும்பம் ஒன்றின் புதுவீட்டுப் பிரதிஷ்டை. அண்ணிக்கு விடுமுறை வேதாகம வகுப்பு நாலு மணிவரை இருந்தது. அதனால் சுருள்கள் இருந்த தகரப் பெட்டியை நான் முன்னால் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. பெட்டியோடு ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்தார். "இது கொதிக்க வெச்சு ஆறவெச்சது தம்பி. போய்ச் சேர்ந்ததும் துணி காஞ்சிருந்தா கொஞ்சம் தெளிச்சிடுங்க. குடிச்சிடாதீங்க." பல்லாவரத்துக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். ஓட்டுநர் கண்ணாடி வழியாகப் பார்த்து, "இன்னா சார், கொயந்தைய வெச்சிகினு வர்ற மாரி வெச்சிகினு வர்ற? உள்ள இன்னா கீது?" என்றார். சுருட்டு என்றேன். "எங்க எடுத்துகினு போற?" ஜெபத்துக்கு என்றேன். "ஜெபத்துக்கு சுருட்டா! நம்மளையும் சேத்துக்க சொல்லு சார்" என்றார். ஆட்டோவே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த நாளை நினைக்கும்போது அந்தச் சிரிப்பும் கூடவே வருகிறது. அதை மட்டும் பிரித்தெடுக்க முடியவில்லை.

மின்ரயில் தாம்பரம் தாண்டி நடுவழியில் நின்றுவிட்டது. ரயில் பெட்டிக்குள் அனல். முக்கால் மணி நேரம் பொறுத்தேன். பிறகு பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தேன், பிறகு முழுவதையும். ஊரப்பாக்கத்தில் இறங்கி அந்த வீட்டை அடைந்தபோது துணி ஓரங்களில் மொரமொரவென்று காய்ந்திருந்தது. உள்ளே கேன் தண்ணீர் இருந்தது. வாசலிலிருந்தே பார்த்தேன். கேட்டால் யாராவது கொண்டுவந்து தந்திருப்பார்கள். ஆனால் தண்ணீரைக் குடித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். நானே போய் எடுக்கலாம். ஷூ கயிற்றை அவிழ்க்க வேண்டும். வீட்டின் பக்கவாட்டில் நீல நிற டிரம் ஒன்று நின்றது. கட்டட வேலைக்காக லாரியில் வந்த தண்ணீர். பாட்டிலை அதில் முக்கி நிரப்பினேன். துணிமேல் தாராளமாகத் தெளித்தேன். முப்பது வருடம் மாணவர்களுக்கு வேதியியல் நடத்தியவன் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

ஜெபம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். எனக்கு அன்று ரொட்டியில் மனம் செல்லவில்லை. அண்ணியும் எப்போதும்போலத் தான் செய்ததைத் தொடவில்லை. மறுநாள் காலையிலிருந்து ஒவ்வொரு வீடாகச் செய்தி வந்தது. வாந்தி, வயிற்றுப்போக்கு. இரண்டு பேருக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அதில் ஒன்று ஆறு வயதுக் குழந்தை. நல்லவேளையாக யார் உயிருக்கும் எதுவும் ஆகவில்லை. அன்று மாலை அண்ணி மாடிப்படியில் பாதிவரை ஏறி வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "தம்பி, வழியில ஏதாச்சும் ஆச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." நான் யோசிப்பதுபோலக்கூட நடிக்கவில்லை. "ஒண்ணும் ஆகல அண்ணி" என்றேன். அவர் அதே படியிலிருந்து திரும்பி இறங்கிப் போனார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் கூடி நின்றார்கள். "கொத்துமல்லிய சரியா வாஷ் பண்ணல போல." "வயசாச்சுல்ல, கண்ணு தெரியுமா?" நான் இரண்டடி தள்ளி நின்று பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பெண்கள் ஐக்கியத் தலைவி கெட்ட மனதுடையவர் அல்ல. அடுத்த விருந்துக்கு யார் என்ன கொண்டுவருவது என்று பட்டியல் போட்டபோது, அண்ணியின் முறை வந்ததும் குரலைத் தாழ்த்தி, "அக்கா, நீங்க பேப்பர் தட்டு மட்டும் கொண்டாந்துடுங்க. போதும்" என்றார். அண்ணி, "சரிம்மா" என்றார். அதன்பின் எத்தனை விருந்துகள் வந்தாலும் அண்ணியின் பங்கு காகிதத் தட்டுதான். முந்தின நாள் மாலை கட்டைப் பிரித்து, கூடத்துத் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தட்டையும் உலர்ந்த துணியால் துடைத்து அடுக்குவார். முன்னும் பின்னும் துடைப்பார். படியிறங்கும்போது பார்ப்பேன். ஒருமுறைகூட நான் அங்கே நிற்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டிருக்கிறேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. முதல் வாரம் பயம். முதல் மாதம் வெட்கம். அதன்பின், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற இன்னொரு வெட்கம். வருடங்கள் அப்படித்தான் போயின.

கடைசி வருடம் அண்ணி படுக்கையில் விழுந்தார். ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, எதிர்பாராமல் என் வாய் திறந்துகொண்டது. பாட்டில், ரயில், டிரம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் வியப்பே இல்லை. "தெரியும் தம்பி" என்றார். "பாட்டில கழுவும்போது அடியில மண்ணு இருந்துச்சு. அன்னிக்கே பாத்தேன்."

"அப்புறம் ஏன் அண்ணி யார்கிட்டயும் சொல்லல?"

"கேட்டேனே. நீங்க இல்லன்னீங்க. உங்கள வெச்சுகிட்டு நான் எப்படி இன்னொருத்தர்கிட்ட போய்ச் சொல்றது?" சற்று மூச்சு வாங்கிக்கொண்டு, "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். இப்பவாவது சொல்லிடுங்க தம்பி. நான் இருக்கும்போதே சொல்லிடுங்க" என்றார்.

வருகிற ஞாயிறு சொல்கிறேன் என்றேன். அந்த ஞாயிறு வெளியூர் ஆயர் வந்திருந்தார். சரியான நேரமில்லை என்று தோன்றியது. அதற்கடுத்த ஞாயிறுக்கு முன்பே அண்ணி போய்விட்டார். அடக்க ஆராதனையில் குடும்பத்தின் சார்பில் பேச என்னை அழைத்தார்கள். பத்து நிமிடம் பேசினேன். அவருடைய பொறுமை, பள்ளிக்கூடம், ஜெப வாழ்க்கை எல்லாம் வந்தன. அந்த ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. 'ஆமென்' சொல்லி இறங்கிவிட்டேன். வெளியே ஒருவர் என் கையைப் பிடித்து, "ரொம்ப அழகா பேசினீங்க சார்" என்றார். வாழ்நாளில் நான் கேட்ட சொற்களில் அதைப்போலச் சுட்டது வேறில்லை.

மகள் விருந்து வைத்த மறுநாள், கிழக்குத் தாம்பரத்தில் மகன் குடும்பத்தோடு இருக்கும் அந்தப் பெண்கள் ஐக்கியத் தலைவியின் வீட்டுக்குப் போனேன். அவருக்கும் இப்போது எண்பதை நெருங்கும் வயது. கூடத்தில் அவரைத் தவிர வேறு யாருமில்லை. முழுவதையும் சொன்னேன். முடித்தபோது எனக்குள் ஏதோ இறங்கிவிடும் என்று எதிர்பார்த்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"இத ஏன் சார் இப்ப வந்து சொல்றீங்க?" என்றார்.

"யார்கிட்டயாவது சொல்லணும்ல அக்கா."

"அவங்க இருந்தப்ப சொல்லியிருந்தா, ஓடிப்போய் அவங்க கையப் புடிச்சு மன்னிச்சிடுங்கன்னு கேட்டிருப்பேன். பட்டியல் போட்டது நான்தானே? ஒவ்வொரு வாட்டியும் எல்லார் முன்னாடியும் நான்தானே சொன்னேன்?" அவர் குரல் உயரவில்லை. "உங்களுக்காவது கடைசியா அவங்ககிட்ட சொல்லக் கெடச்சுது. நான் எங்க போய்ச் சொல்லுவேன் சார்?"

நான் எழுந்து வந்தேன். அன்று மாலை அவருடைய மருமகள் போன் செய்தாள். "அங்கிள், அத்தை மத்தியானத்துலேர்ந்து சாப்பிடல. செவுத்தப் பாத்துப் படுத்திருக்காங்க. நீங்க என்ன சொல்லிட்டுப் போனீங்க?"

அவளிடமும் சொன்னேன்.