மூன்று மணி, பழைய நேரம்

அந்தக் காலத்தில் யாராவது நேரம் சொன்னால், "புதுசோ பழசோ?" என்று கேட்காமல் நம்பமுடியாது. ஓமந்தைச் சோதனைச் சாவடிக்கு அங்கால் அரசாங்கப் பகுதியில் கடிகாரம் அரை மணித்தியாலம் முன்னுக்கு ஓடியது. அது புது நேரம். இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த கிளிநொச்சியில் நாங்கள் பழைய நேரத்திலேயே இருந்தோம். யுத்தநிறுத்தத்தில் பாதை திறந்த பிறகு, வவுனியாவுக்குப் போய்வருகிற எல்லோரும் இரண்டு நேரத்தையும் மனதில் வைத்திருந்தோம்.

நான் ஐந்து வருடமாகத் தொண்டர் ஆசிரியை. நிரந்தர நியமனத்துக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். மறுநாள் காலைக்குள் வவுனியாவில் ஒப்படைக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல், என்னால் போகமுடியாது. பக்கத்து வீட்டு அக்காவும் தொண்டர் ஆசிரியைதான். தன்னுடையதோடு என்னுடையதையும் கொண்டுபோவதாக அவா சொன்னா. வவுனியாவுக்குப் போகிற வான் புது நேரம் மூன்றரைக்கு வெளிக்கிடும்.

வீட்டில் இரண்டு கணினிகள் இருந்தன. இரண்டிலும் லினக்ஸ் போட்டு, வயரால் இணைத்திருந்தார் என் கணவர். பிரிண்டர் முன்னறைக் கணினியோடு இருந்தது. அந்தக் கணினியின் திரை பழுது. திருத்துவதற்காகத் திரையை மட்டும் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போயிருந்தார். நான் படுக்கையறைக் கணினியில் தட்டச்சு செய்து அனுப்பினால் முன்னறையில் அச்சாகும். எங்களுக்கு மின்சாரம் இல்லை; பற்றரி கணினிகளைத் தாங்கும், பிரிண்டரைத் தாங்காது. ஆகவே பகலில் எதை அனுப்பினாலும், ஜெனரேற்றர் போடுகிற மூன்று மணி வரை அது முன்னறைக் கணினியில் காத்திருக்கும்படி செய்து வைத்திருந்தார். அது எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும்தான் இது நடந்தது.

அன்று காலை, வானைத் தவறவிட்டுவிடுவேனோ என்ற பயத்தில் சுவர்க் கடிகாரத்தைப் புது நேரத்துக்குத் தள்ளினேன். பிறகு என் கைக்கடிகாரத்தை. என் கணினியையும் மாற்றினேன். எங்காவது ஒன்று பழைய நேரத்தைக் காட்டினால் குழம்பிவிடுவேன் என்று நினைத்தேன்.

சுவரில் மூன்று மணியானதும் ஜெனரேற்றரை இழுத்துப் போட்டேன். சத்தத்துக்குப் பிள்ளை வீரிட்டது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு விண்ணப்பத்தை அனுப்பினேன். அச்சாக இரண்டு நிமிடம் போதும். அரை மணித்தியாலம் கையில் இருக்கிறது என்று ஆறுதல்பட்டேன்.

பிரிண்டரில் பச்சை வெளிச்சம் எரிந்தது. தாள் அசையவில்லை.

வயரைக் கழற்றிப் பூட்டினேன். கழற்றியதால் ஏதும் கெட்டுவிட்டதோ என்று, கணவர் எழுதி வைத்த கொப்பியைப் பார்த்து, முன்னறைக் கணினியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் உடனே வந்தது. அச்சுக்குக் காத்திருப்பவற்றின் வரிசையைப் பார்த்தேன். என் விண்ணப்பம் அங்கே இருந்தது. பக்கத்தில் 'ஹெல்ட்' என்று ஒரு சொல்.

பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. எங்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான். யாரோ வீட்டுப் பிள்ளையைச் சோதனைச் சாவடியில் பிடித்து வைத்திருக்கிறார்களாம் என்பார்கள். அதற்குப் பிறகு காத்திருக்க ஒரு நேரம் குறித்திருக்காது. இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு நேரம் குறித்திருக்கிறது என்று எனக்குத் தோன்றவேயில்லை. அழித்துவிட்டுத் திரும்ப அனுப்பினேன். திரும்பவும் அதே சொல். அழிக்காமலே இன்னும் ஐந்து தரம் அனுப்பினேன்.

அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தா.

"என்னடியப்பா, இன்னும் இல்லையே? வான்காரன் ஹோர்ன் அடிக்கிறான்."

"போகுதில்லை அக்கா. என்னெண்டு தெரியேல்லை."

"உன்ர மனுசன்ர மெசின்தானே. அந்தாளைப் போலத்தான் இருக்கும். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிசம் முந்தி எழும்பாது." சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினா. "சரி, கையால எழுதித் தாவன். நான் குடுத்துப் பாக்கிறன்."

"தட்டச்சு செய்யவேணும் எண்டு போட்டிருக்கு அக்கா."

"போட்டா என்ன?"

"வேண்டாம். பிழையாக் குடுத்தா அடுத்த முறையும் எடுக்க மாட்டினம்."

ஹோர்ன் மறுபடியும் கேட்டது. "பின்ன நான் வாறன். பிள்ளைக்கு மருந்தைக் குடு" என்று சொல்லிவிட்டு ஓடினா.

வான் வளைவில் திரும்புவதைப் படலையில் நின்று பார்த்தேன். அப்போதுதான் முன்னறையில் அந்த இரைச்சல் தொடங்கியது. ஒரு தாள் வந்தது, பிறகு இன்னொன்று. ஆறு விண்ணப்பங்கள், ஒவ்வொன்றிலும் என் பெயர், ஐந்து வருடச் சேவை. தாள்கள் சூடாக இருந்தன. சுவரில் மூன்றரை. அப்போது விளங்கியது. முன்னறைக் கணினிக்கு இப்போதுதான் மூன்று. திரையில்லாத அதன் நேரத்தை மட்டும் நான் மாற்றவில்லை. என் கையில் இருந்ததாக நினைத்த அரை மணித்தியாலத்தை, காலையில் நானே கடிகாரங்களில் தள்ளிவிட்டிருந்தேன்.

சனிக்கிழமை கணவர் வந்து எல்லாவற்றையும் கேட்டார். "நீர் ஒண்டையும் மாத்தாமல் விட்டிருந்தாலும் பழைய நேரம் மூண்டுக்குத்தான், வான் வெளிக்கிடுற நேரத்துக்குத்தான் வந்திருக்கும்," என்றார். "காத்திருக்கச் சொல்லுற அந்தக் கட்டளையை எப்பிடி நிப்பாட்டுறதெண்டு காட்டித் தந்திருக்கவேணும். என்ர பிழை."

அது ஆறுதலுக்குச் சொன்னது என்று நினைக்கிறேன். அக்காவுக்கு நியமனம் கிடைத்தது. அன்று கையால் எழுதியவற்றில் சிலவற்றையும் எடுத்தார்களாம் என்று, அவா நெடுநாள் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்து ஒருநாள் சொன்னா.

பிறகு கொழும்பும் பழைய நேரத்துக்கே திரும்பியது. நாடு முழுக்க ஒரே நேரம். அந்த வருடமே பாதையும் பூட்டப்பட்டது. நான் அப்போதும் தொண்டர் ஆசிரியைதான். அந்த ஆறில் ஐந்து விண்ணப்பங்களின் பின்பக்கத்தில் பிள்ளை கோடு கீறிக்கொண்டிருந்தது. ஒன்றை மட்டும் அலுமாரிக்குள் வைத்திருந்தேன்.