மாமனார் கையில் இருந்த டோக்கன்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் என் வீட்டுக்காரருக்குக் கால் வீட்டில் தங்காது. மற்ற புருஷன்மார் சினிமா, சீட்டு என்று கிளம்புவார்கள். இவருக்கு மியூசியம். எங்கள் பக்கம் ஒரு காலத்தில் சின்ன ரயில் பாதை ஒன்று ஓடியது. நஷ்டம் என்று மூடி, தண்டவாளத்தை எடைக்குப் போட்டுவிட்டு, மிச்சம் மீதியை ஊர் ஊராக இருக்கும் அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஓர் ஊரில் மணி, ஓர் ஊரில் கடிகாரம், இன்னோர் ஊரில் பிளாட்பார பெஞ்சு. அந்த பெஞ்சில் காவலாளி கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருப்பார்.

"பழைய இரும்புக் கடைக்குப் போனாலும் ஒரு வாணலியாவது கிடைக்கும். நீங்க வெறுங்கையோடதானே வர்றீங்க" என்பேன். சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டுவார்.

வார நாட்களில் அவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. நாற்பதைத் தாண்டியவர்கள் பேப்பரை எட்டப் பிடித்துப் படிப்பதைப் பார்த்தால், "கை நீளம் பத்தலையா சார்?" என்று கேட்பார். கோபமாக வந்தவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள்.

என் மாமனார் அந்தப் பாதையில் இன்ஜின் டிரைவர். எதிரே வந்த வண்டியில் மோதிச் செத்துப்போனார். கூடவே பயணிகளும் போனார்கள். டோக்கன் வாங்காமல் வண்டியை எடுத்துவிட்டார் என்று விசாரணையில் முடிவு கட்டினார்கள். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த இவருக்கு 'டோக்கன்' என்றே பட்டப்பெயர் விழுந்தது. எங்கள் கல்யாணத்துக்கு வந்த ஒரு கிழவர் மேடையிலேயே, "யாரு, டோக்கனா?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மாலையைக் கழற்றி வீசியிருப்பேன்.

அந்த டோக்கன் என்னவென்று கல்யாணமான புதிதில் இவர்தான் எனக்கு விளக்கினார். ஆசையாகப் பேச இவருக்குக் கிடைத்த விஷயம் அது. ஒற்றைத் தண்டவாளம். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். அதற்கு அனுமதி, அந்த இரண்டு ஸ்டேஷன் பெயரும் வெட்டிய ஒரு பித்தளை வில்லை. அதைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி டிரைவரிடம் நீட்டுவார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்க வேண்டும். பையைத் திறந்து, பெயரைப் படித்துப் பார்த்த பிறகுதான் நகர வேண்டும்.

"அப்பா டோக்கன் இல்லாம போற ஆள் இல்ல. அம்மா கண்ணை மூடுறதுக்குள்ள அதை நிரூபிச்சுக் காட்டணும்" என்பார். அத்தை படுக்கையில் விழுந்த பிறகு அலைச்சல் இன்னும் கூடியது. ஆனால் இவர் கிளம்பும்போதெல்லாம் அத்தை, "விடுப்பா, போனவரு போயாச்சு" என்பார். பிள்ளை அலைகிறானே என்ற கரிசனம் என்று நினைத்தேன். என் மரமண்டைக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். நூலக மாடியில் ஒரே அறை. தையல் மெஷின்கள், ஓடாத ரேடியோ, இவற்றுக்கு நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் முறிந்த பிரம்பு வளையம் ஒன்று தோல் பையோடு கிடந்தது. விபத்தில் இறந்த டிரைவரின் தோளில் இருந்தது என்று அட்டையில் எழுதியிருந்தார்கள். உடலைத் தூக்கிய ஒருவர் அதைக் கழற்றித் தன் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். அவர் இறந்த பிறகு அவருடைய மகள் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். பாவி மனுஷன், அன்றைக்கே கொடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? இவரோ குழந்தை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அங்கே வேலை பார்க்கும் அம்மாள் விஷயத்தைக் கேட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டார். இவர் பையிலிருந்து வில்லையை எடுத்தார். கண் அருகே கொண்டுபோனார். பிறகு எட்டப் பிடித்தார். இன்னும் எட்டப் பிடித்தார். அவசரத்தில் தன் மூக்குக் கண்ணாடியை பஸ்ஸிலேயே விட்டுவிட்டிருந்தார்.

"குடுங்க" என்று வாங்கி நான் படித்தேன். எந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே மோதல் நடந்ததோ, அந்தப் பெயர்கள் அதில் இல்லை. அதற்கு முன்னால் அவர் ஓட்டி முடித்த பகுதியின் பெயர்கள்தான் இருந்தன. மாமனார் ஸ்டேஷனில் கொடுத்த பையையே, அங்கிருந்தவன் அவசரத்தில் திருப்பி அவரிடமே நீட்டியிருக்கிறான். அவரும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

"அப்பா கண்ணாடி போட்டதே இல்ல" என்றார் இவர். "அப்ப அவருக்கு என் வயசு."

பஸ்ஸில் வரும்போது, "அம்மாகிட்ட டோக்கன் இருந்துச்சுன்னு மட்டும் சொல்றேன். எந்த டோக்கன்னு நீயும் வாயைத் திறந்துடாத" என்றார். சரி என்றேன்.

அப்படியே சொன்னார். அத்தை முகம் மலரும் என்று கட்டிலோரம் காத்திருந்தோம்.

"தோள்ல மாட்டியிருந்தாரா?"

"ஆமாம்மா. அப்பா வாங்கித்தான் இருக்காரு."

அத்தை கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. அது சந்தோஷம் இல்லை என்பது எனக்குச் சட்டென்று புரிந்தது.

"கிட்டத்துல எழுத்து தெரியாதுப்பா அவருக்கு. வர்ற கடுதாசியெல்லாம் நான்தான் படிச்சுச் சொல்லுவேன். வெளிய தெரிஞ்சா இன்ஜினை விட்டு எறக்கிடுவாங்க, யார்கிட்டயும் சொல்லாதன்னாரு. நானும் சொல்லல." மூச்சு வாங்கியது. "டோக்கனே வாங்காம போயிட்டாருன்னு ஊரே பேசிச்சு. பேசட்டும்னு இருந்துட்டேன். வாங்கவே இல்லைன்னா, கண்ணு தெரியாததுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லையே. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷம் இருந்தேன்."

இவர் அவசரமாகக் கட்டில் மேல் குனிந்தார். "இல்லம்மா, சரியான டோக்கன்தான் அது. எதிர்ல வந்தவன்தான் தப்பா வந்துட்டான்."

"படிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

அத்தை இவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீ சொல்லும்மா."

வாயாடி என்று பெயர் வாங்கியவள் நான். மியூசியத்தையும் ரயிலையும் கட்டையில் போன அந்த ஸ்டேஷன்காரனையும் மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

"சரியான டோக்கன்தான் அத்தை."

அத்தை என் கையைத் தடவிக் கொடுத்தார். "உனக்குப் பொய் சொல்ல வராதும்மா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.